சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும். பிட்சாடன மூர்த்தி வீதியில் எழுந்தருளும்போது வீட்டு மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் துண்டையும் புடவைத் தலைப்பையும் விரித்துப் பிடிக்கும். திருவிழாவுக்குப் பின்னால் இருப்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் புனிதவதியின் கதை. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அவள் அடியாருக்குப் படைத்துவிட்டாள். பிறகு கணவனுக்காக இறைவனிடம் வேண்டி இன்னொன்றைப் பெற்றாள். அற்புதம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அற்புதத்துக்கு முன்னால் அடுப்படியில் இருந்த நிலைமையை யாரும் அதிகம் பேசுவதில்லை. அடியார் பசியோடு வந்தபோது சோறு வெந்திருந்தது, கறி ஆகியிருக்கவில்லை. அதனால்தான் மாங்கனி இலைக்கு வந்தது.

குறைந்த செலவில் நல்ல உணவு, அதாவது புதிதாகப் பறித்த காய், கீரை, பழம், மீன், பருப்பு எல்லாம் சேர்ந்த உணவு, காரைக்காலில் ஒரு சாதாரண வீட்டுக்கு எட்டுமா என்று பார்க்கப் போனால் அந்த அடுப்படிக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் சோறு எப்போதும் ஆகிவிடுகிறது. கறிதான் ஆகவில்லை.

காரைக்கால் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் உள்ள சின்ன நிலம். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 2 லட்சத்தைச் சற்றே தாண்டியது. 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954இல் இந்தியாவோடு இணைந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு மாவட்டமாக இருக்கிறது. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். அரசலாறு, திருமலைராயனாறு, நாட்டாறு, நூலாறு, நண்டலாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி என்று உள்ளே போனால் நெல் வயல். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று ஓரமாய்ப் போனால் மீனவர் தெருக்கள். நெல்லும் மீனும் அருகருகே கிடைக்கும் இப்படிப்பட்ட ஊரில் உணவுக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர் கேட்பார்.

குறை உடம்பில் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானபோது இந்தியப் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. கோவாவில் 26.4. அடுத்த இடத்தில் 26.3 விழுக்காட்டோடு புதுச்சேரி. நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் அதில் ஒருவர் என்று கணக்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் இதே பிரதேசத்துப் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் உடல் எடை கூடியவர்கள், பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். எடை கூடிய உடம்பும் ரத்தம் குறைந்த உடம்பும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே ஆளிடம் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்கு வேண்டியது சேரவில்லை. பட்டினி என்று இதைச் சொல்ல முடியாது, நல்ல சாப்பாடு என்றும் சொல்ல முடியாது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, பருப்பு 85 கிராம் அளவு, தானியம் 250 கிராம் அளவு என்கிறது. உடம்புக்கு வேண்டிய மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நாலு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு இதை மாதக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். காய்கறி 48 கிலோ, பழம் 12 கிலோ, பால் 36 லிட்டர், பருப்பு 10 கிலோ, அரிசி 30 கிலோ. 48 கிலோ காய்கறி என்பது சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வர முடியாத ஒரு மூட்டை!

விலை நாளுக்கு நாள் மாறும். ஒரு கணக்குக்காகக் காய் கிலோ 40 ரூபாய், பழம் 60, பால் லிட்டர் 50, பருப்பு கிலோ 120 என்று வைத்துக்கொள்வோம். அரிசி, எண்ணெய், மீன், மிளகாய், கேஸ் எதையும் சேர்க்காமலே 5,600 ரூபாயைத் தாண்டுகிறது. 2025-26இல் நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஒருவர் சம்பளத்தில் நடக்கும் வீடு என்றால் மாதத்தில் 17 நாள் கூலி இந்த நான்குக்கே போய்விடும். மீதி நாள் கூலியில் அரிசி, வாடகை, பிள்ளைகளின் பஸ், கல்யாணம் காதுகுத்து மொய். இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எல்லை தாண்டி வருகிறவர்கள் காரைக்காலைத் தேடி வருவது பாட்டில் மலிவு என்பதற்காக. வரி குறைந்ததால் சாராயம் மலிவு. ஆனால் கத்திரிக்காய்க்கு இங்கும் வரியில்லை, அங்கும் வரியில்லை. எனவே காய்கறியில் இந்த ஊருக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. மாலையில் கூலி வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும் வழியில் மலிவாகக் கிடைக்கும் பொருள் எது என்பது உணவுக் கணக்கில் ஒரு முக்கியமான வரி.

உலக அளவில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்களும் தடுமாறித்தான் போகிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 2021இல் இந்தியர்களில் 74.1 விழுக்காட்டினருக்கு ஆரோக்கியமான உணவு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றது. அடுத்த வருடத்து அறிக்கை, 2022க்கு 55.6 என்றது. ஒரே வருடத்தில் சந்தை விலை விழுந்துவிடவில்லை, கணக்குப் போடும் முறை மாறியது. கல்யாணி ரகுநாதனும் உடனாய்வாளர்களும் 2011ஆம் ஆண்டு விலைகளை வைத்து ஆராய்ந்தபோது, கிராமத்து ஏழைகளில் 63 முதல் 76 விழுக்காட்டினருக்குப் பரிந்துரைக்கப்பட்ட உணவு எட்டவில்லை என்று கண்டார்கள். எண்களில் எதைப் பிடித்துக்கொண்டாலும் சரி, ‘மனம் வைத்தால் முடியும்’ என்று மேடையில் பேசுகிறவர்களை நான் இதற்குப் பிறகு சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அரசு கை கொடுக்கிறதே என்றால், கொடுக்கிறது, ஆனால் சோற்றுக்கு. புதுச்சேரியின் ரேஷன் கதை விசித்திரமானது. 2015 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தர வேண்டிய அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை இங்கே வந்தது. நாட்டிலேயே சண்டிகரும் புதுச்சேரியும்தான் முதலில் இதற்குள் போயின. மாநில அரசு தன் பங்குக்குக் கொடுத்துவந்த இலவச அரிசியும் பிறகு பணமாக மாறியது. அரிசியா பணமா என்று அன்றைய முதல்வர் நாராயணசாமியின் ஆட்சிக்கும் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த சண்டை நீதிமன்றம் வரை போனது. கிலோவுக்கு 30 ரூபாய் வீதம் ஏழைகளுக்கான சிவப்பு அட்டைக்கு 600, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 300 என்று பணம் வந்தது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இந்தப் பூட்டைப் பற்றிய கேள்வியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு தீபாவளியை ஒட்டிக் கடைகள் மறுபடி திறந்தன.

பொருளியல் பாடத்தின்படி பணம் கைக்கு வந்தால் மக்கள் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள், அரிசி வேண்டாமென்றால் கீரையும் முட்டையும் வாங்கலாம். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் பால் நீஹவுசும் சந்தீப் சுக்தங்கரும் மூன்று ஒன்றியப் பிரதேசங்களில் இந்த மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். வந்த பணம் கடையில் அதே அளவு தானியம் வாங்கப் பல குடும்பங்களுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. பணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்க வங்கிக்கு அலைந்த செலவு வேறு. 600 ரூபாயும் அரிசிக்கே பற்றாதபோது கீரைக்கு மிச்சம் எங்கிருந்து வரும்? இதனால் பழைய முறை சிறந்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டு முறையிலும் பேச்சு அரிசியைச் சுற்றியே நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன். பத்து வருட அரசியல் சண்டையில் பருப்பு என்ற சொல் எங்கே வந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பருப்பு என்றதும் எல்லையைக் கவனிக்கத் தோன்றுகிறது. காரைக்காலின் தெற்கு முனையில் வாஞ்சூர் இருக்கிறது. அதைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம். தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். 2011இலிருந்து அரிசி இலவசம். ஒரே மண், ஒரே கூலி, பல வீடுகளில் ஒரே உறவு. ஆனால் நாகூர்க்காரி வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு அட்டையிலிருந்து வருகிறது, வாஞ்சூர்க்காரி வீட்டில் மளிகைக் கடையிலிருந்து வருகிறது. ஊட்டச்சத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு எல்லைக்கோடே போட்டுக் கொடுத்த சோதனைச்சாலை இது. ஒரு கிலோ பருப்பு நாலு பேருக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய 10 கிலோவில் பத்தில் ஒரு பங்குதான். என்றாலும் அது கறியின் பக்கம் அரசு வைத்த ஒரு காலடி.

இத்தனை வயல் இருக்கும்போது காய்கறியை இங்கேயே விளைவித்துக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்விக்கு மண்ணே பதில் சொல்லும். டெல்டாவின் களிமண் நெல்லுக்குப் பிறந்தது. தண்ணீரைப் பிடித்து வைக்கும், விடாது. கத்திரி, வெண்டை, மிளகாய்க்கு வேர் மூச்சுவிட வடிகால் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கடைமடையில் மேட்டுப் பகுதிகளின் வெள்ளமும் சேர்ந்து நிற்கும். வெயில் காலத்தில் கதை தலைகீழ். 2007இல் காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 7 டி.எம்.சி., 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே விட்டுவிட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பாதி விவசாயிகளுக்குப் பொறுமை போய்விடும். கடற்கரை ஓரத்துக் கிணறுகளில் உப்பு வேறு. ஆகையால் காரைக்கால் நேரு மார்க்கெட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தையிலும் குவிந்திருக்கும் காயில் பெரும்பங்கு லாரியில் வந்தது. தக்காளி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்தும் மலைகளிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கைமாறிக் கைமாறி வருகின்றன. ஒவ்வொரு கைக்கும் ஒரு லாபம், ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வாட்டம். ‘ஃப்ரெஷ்’ என்று கடைக்காரர் சொல்வது இரண்டு நாள் முந்திய பறிப்பு. மழை நாளில் அந்த லாரியும் தாமதிக்கும், விலை ஏறும். அதே மழையில் படகும் கடலுக்குப் போகாது. காரைக்கால் வீட்டுக்கு வருஷத்தில் கடினமான மாதம் கார்த்திகைதான் என்பேன்.

மலிவான நல்ல உணவு எங்கே இருக்கிறதென்றால் இந்த லாரியில் இல்லை. ‘காய்கறி’ என்று எழுதிய உடனே நம் கண்ணில் தெரியும் தக்காளியையும் கேரட்டையும் கொஞ்சம் தள்ளிவைத்தால், இதே களிமண்ணின் மேட்டிலும் வேலி ஓரத்திலும் கொல்லையிலும் வேறொரு பட்டியல் நிற்கிறது. முருங்கை, அகத்தி, வாழை, பரங்கி, சுரை, அவரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. இவற்றுக்குத் தனி வயல் வேண்டாம். வேலியில் ஒரு முருங்கைப் போத்தை நட்டால் போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே எடைப் பசும்பாலில் 120 அளவுதான். கீரையில் இருப்பது முழுவதும் உடம்பில் சேராது என்பதால் பாலை நிறுத்திவிடச் சொல்ல முடியாது. ஆனால் பால் வாங்க வழியில்லாத வீட்டுக்கு வேலியில் நிற்கும் மரம் சின்ன விஷயமல்ல. கஜா புயல் 2018 நவம்பரில் நாகைக் கரையைக் கடந்தபோது தென்னைக்கும் படகுக்கும் இழப்பீட்டுக் கணக்கு எடுத்தார்கள். ஒடிந்துபோன கொல்லை முருங்கையை எந்தக் கணக்கில் எழுதுவது?

பயறு வகையில் டெல்டாவுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபின் மிச்ச ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் அது வளர்ந்து பங்குனி, சித்திரையில் காய்த்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் அநேகமாக வேண்டாம். கூடவே மண்ணுக்குத் தழைச்சத்தையும் கொடுக்கும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தரிசு உளுந்துக்கென்றே ரகங்கள் கொடுத்திருக்கிறது. காரைக்காலிலேயே செருமாவிலங்கையில் 1987 முதல் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. இப்போது சிக்கல் இயந்திரத்தில் வந்திருக்கிறது. கதிர் அறுக்கும் வண்டி ஈர வயலில் இறங்கினால் முளைத்து நிற்கும் பயறு சக்கரத்தில் நசுங்குகிறது. ஆள் வைத்து அறுத்தால் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆற்றில் தண்ணீர் தாமதித்து நடவு தள்ளிப்போனால் பயறுக்கான பனியும் கைவிட்டுப் போகிறது. மீறி விளைந்த உளுந்தும் பச்சைப்பயறும் மூட்டையாக வியாபாரிக்குப் போகின்றன. விற்ற காசில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் விளைந்த துவரம் பருப்பை வாங்கிச் சாம்பார் வைக்கிறோம். தோலோடு உளுந்தைப் போட்டு உளுந்தஞ்சோறும், பயறை வேகவைத்துச் சுண்டலும், களியும் சாப்பிட்ட பழக்கம் இங்கே இன்னும் முழுதாக மறக்கவில்லை. பருப்பில் சிக்கனம் பிடிக்க நினைக்கும் வீடு தொடங்க வேண்டிய இடம் அதுதான். தை அறுப்பு முடிந்து பங்குனியில் புதுப் பயறு வரும்போது நாலு குடும்பம் சேர்ந்து மூட்டையாக வாங்கி, வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு வைத்துக்கொண்டால் ஐப்பசி வரை தாங்கும்.

மீன் கதையில் பெயர்கள்தான் விலை. வஞ்சிரம், வவ்வால், பெரிய இறால் ஆகியவை ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூர் போகின்றன. ஊரில் தங்குவது மத்தி, சூடை, காரப்பொடி, நெத்திலி. தட்டில் அந்தஸ்து குறைந்த இவைதான் சத்தில் முன்னால் நிற்கின்றன. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும், மத்தியின் கொழுப்பு இதயத்துக்கு நல்லது, தாவர உணவில் கிடைக்காத பி12 என்ற சத்தும் இவற்றில் உண்டு. கூறு கட்டி விற்கும் மீன் என்பதால் கிலோக் கணக்கு பேசாமல் கையில் இருக்கும் காசுக்கு ஒரு கூறு வாங்க முடிவது கூலிக்காரருக்கு வசதி. புரட்டாசியில் பாதி ஊர் மீனைத் தொடாது. அந்த மாதத்தில் தொடுகிறவர்களுக்கு விலை இறங்கும். இந்த மலிவு மீனை யார் எந்த வலையில் பிடிப்பது என்பதில்தான் கடலோரத்தில் பெரும் சண்டை. சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. மத்திக் கூட்டம் ஒரே வலையில் அள்ளப்பட்டு லாரியில் போய்விட்டால் நாட்டுப்படகுக்காரர் கூடையில் என்ன மிஞ்சும் என்பது ஒரு பக்கத்து வாதம். அந்தக் கூடைதான் தலைச்சுமையாகத் திருநள்ளாற்றுத் தெருவுக்கும் நெடுங்காட்டுத் தெருவுக்கும் போவது. நெல் வயல் பக்கத்து வீட்டின் மலிவுப் புரதம் கடல் சட்டத்தில் தொங்குகிறது.

கருவாடு மலிவு, நாள்பட நிற்கும். உப்பு அதிகம் என்பதால் ரத்தக்கொதிப்பு உள்ள வீட்டில் வெந்நீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டுச் சமைப்பது நல்லது. ஒரு பிடி சென்னாக்குனியைக் கத்திரிக்காயோடு சேர்த்து வதக்கினால் நாலு பேருக்குக் கறி ஆகிவிடும் என்பது இங்குள்ள பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாத கணக்கு.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாம் மலிவாகத்தானே கிடைக்கிறது, மக்களுக்கு விவரம் தெரியவில்லை என்று ஒருவர் முடிவு கட்டினால் அது அநியாயம். கீரை மலிவு, கீரை ஆய நேரம் மலிவில்லை. ஒரு வாழைப்பூவில் கள்ளன் எடுத்து நறுக்கி மோரில் போட்டு முடிப்பதற்குள் அரை மணி. முருங்கைக்கீரையை உருவ இன்னொரு அரை மணி. நெத்திலிக்குத் தலை கிள்ள, மத்திக்குச் செதில் எடுக்க, தோலுளுந்தை வேகவைக்க என்று சேர்த்துக்கொண்டே போகலாம். கம்பெனி வேலையோ கடை வேலையோ பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும் பெண்ணுக்குப் பத்து நிமிஷத்தில் முடிவது சோறும் ஒரு ரசமும், உடன் பாக்கெட்டில் அப்பளம். இல்லையென்றால் வரும் வழியில் பரோட்டாப் பொட்டலம், சால்னா இலவசம். மலிவு உணவு பற்றிய அறிவுரையில் பெரும்பகுதி பெண்ணின் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு தொடங்குகிறது. வீட்டு ஆண்கள் கீரை ஆய்ந்தால் கணக்கு மாறும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சுக்குச் சொன்னேன், சிரித்தார்கள்.

நேரமில்லாத வீடுகளின் பணம் எங்கே போகிறது என்பதை 2022-23 வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. கிராமப்புற இந்தியாவில் மாதச் செலவில் பானங்களும் பதப்படுத்திய உணவும் எடுத்துக்கொள்வது 9.6 விழுக்காடு, காய்கறி 5.4. பிஸ்கட், மிக்சர், குளிர்பானம், ஓட்டல் சாப்பாடு எல்லாம் முதலாவதில் அடக்கம். பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் எந்தப் பெட்டிக்கடையிலும் எந்த நேரத்திலும் கெடாமல் தொங்குகிறது. பத்து ரூபாய்க்கு வாங்கிய கீரைக்கட்டு மாலைக்குள் வாடிவிடும், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மறுநாள் குப்பைக்குப் போகும். பாக்கெட்டை வாங்குகிறவர் முட்டாள் இல்லை. நஷ்டத்துக்குப் பயந்தவர்.

இன்னொரு பக்கம் பாரம்பரிய அரிசி மோகம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 2018இல் மறையும் வரை நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து விதைத் திருவிழாவில் உழவர்களுக்குக் கொடுத்தார். அது உழவரின் விதை உரிமைக்கான வேலை, அதன் மதிப்பு பெரிது. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் கடைக்கு வரும்போது சாதாரண அரிசியைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையில் அழகான பையில் வருகின்றன. ஏழை வீட்டுக்கு இதை மருந்து போலப் பரிந்துரைப்பது சரியல்ல என்பது என் எண்ணம். 2025இல் வெளியான முன்னே சொன்ன நீரிழிவு ஆய்வுக் குழுவின் உணவுக் கட்டுரை இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து என்கிறது. வெள்ளை அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறையவில்லை. மொத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது குறைந்தது. அரிசியின் நிறத்தை மாற்றுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் தட்டிலுள்ள கறியின் அளவை இரண்டு மடங்காக்கலாம். தட்டில் சோற்று மலையும் அதன் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் என்ற நம் வழக்கத்தில் மலையைத் தேய்ப்பதுதான் கஷ்டம். சோறு குறைந்தால் விருந்தாளி மனம் கோணும் என்ற பயம் தஞ்சை மண்ணில் ஆழமாக ஊறியது. அள்ளி வைப்பதுதான் இங்கே அன்பு.

பள்ளிக்கூடத் தட்டில் மட்டும் இந்த வழக்கம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே இந்தப் பிரதேசத்தில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. சென்னை மாநிலத்தில் காமராசர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோவதற்குக் கால் நூற்றாண்டு முன்னால். 2002இல் காலையில் பாலும் பிஸ்கட்டும் கொடுக்கும் திட்டம் வந்தது. இன்று மதியச் சோற்றோடு சாம்பாரும் காயும், வாரத்தில் சில நாள் முட்டையும் உண்டு. ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை நாளொன்றுக்குச் சாப்பிடும் நல்ல கறி இந்த வேளையில்தான் அடங்கியிருக்கிறது. அரிசிக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கைப் பள்ளி முட்டைக்கும், ஒரு பங்கைத் தமிழ்நாடு போல அட்டைக்கு ஒரு கிலோ பருப்புக்கும், அதுவும் உள்ளூர்ப் பச்சைப்பயறாகவோ உளுந்தாகவோ மாற்றிவிட முடியும். அதை விளைவித்துக் கொடுக்கும் விவசாயிக்கும் கதிர் அறுக்கும் வண்டிக்கு முன்னால் பயறு விதைக்க ஒரு காரணம் கிடைக்கும்.

ஆனால் மே மாதம் பள்ளி மூடியிருக்கும், முட்டை நிற்கும். அதே நாட்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், சின்னப் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு விலை கூடும். சித்திரையில் வந்த பயறு மூட்டையை வீட்டில் வைத்துக்கொண்டவர்களுக்கு அது இருக்கும், விற்றவர்களுக்கு இருக்காது. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கும், மாமரத்தடியில் காற்றுக்கு உதிர்ந்த பிஞ்சை உப்பும் மிளகாயும் தொட்டுப் பிள்ளைகள் தின்றுகொண்டிருப்பார்கள். தடை முடிந்து படகுகள் இறங்கும்போது ஆனி பிறக்கும். அதற்குள் பள்ளி திறந்திருக்கும். அப்புறம் ஒரு பௌர்ணமியன்று மாடியிலிருந்து பழங்கள் விழத் தொடங்கும். கீழே நிற்கிறவர்கள் புடவைத் தலைப்பை அகலமாக விரித்துப் பிடிப்பார்கள்.